தேரடி ஓட்டமும் பாண்டிசெல்வியின் தெருவும்

தேரடி ஓட்டத்துக்கு விழா மலர் போடுகிறார்கள். வரலாறு எழுதித் தா என்று என்னிடம் கேட்டார்கள். ராஜபாளையத்தில் நான் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஓடுகிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் துணியை ஆரம்பத்திலிருந்து நான்தான் அச்சடித்துக் கொடுக்கிறேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. தலைவர் உரை தயார், புரவலர்கள் படம் தயார், நடுவில் நாலு பக்கம் வரலாறு மட்டும் வேண்டுமாம். யார் யார் ஜெயித்தார்கள் என்பதுதான் வரலாறு என்றால் அவர்கள் படத்தைப் போட்டுவிட்டுப் போகலாமே, எதற்கு நான்? நான் பாண்டிசெல்வியைப் பற்றி எழுதப்போகிறேன். பிடித்தால் போடட்டும். பிடிக்காவிட்டால் அந்தப் பக்கங்களுக்கு ஒரு நகைக்கடை விளம்பரம் கிடைக்காமலா போகும்?

வெளியூர்க்காரர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஓட்டம் முடிகிற இடம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி. அது மாறாது. கிளம்புகிற இடம்தான் மாறும். போன வருஷம் யார் ஜெயித்தாரோ அவர் வீட்டு வாசலிலிருந்து இந்த வருஷ ஓட்டம் கிளம்பும். ஆகவே மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று எங்களிடம் கேட்டால், எந்த வருஷம் என்று திருப்பிக் கேட்போம்.

வழக்கம் வந்தது ஒரு விளையாட்டுப் பேச்சில். முதல் வருஷம் ராஜபாளையம் ஜவகர் மைதானத்தில் கிளம்பினார்கள். கைவண்டி இழுக்கிற சிவபாண்டி ஜெயித்தார். குழுத் தலைவர் சங்கையா நூல் வியாபாரி. மைக் கையில் கிடைத்தால் அவருக்குத் தாராள மனசு வந்துவிடும். “ஒங்களுக்கு என்ன வேணுமோ கேளுங்க” என்றார். சிவபாண்டி யோசிக்கவே இல்லை. “இந்த வருசம் ஒங்க மைதானத்துக்கு நான் வந்தேன். அடுத்த வருசம் எங்க தெருவுக்கு நீங்க வாங்க மொதலாளி” என்றார். சங்கையாவும் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அதுவும் மைக்கில் கொட்டிய சொல். மறுவருஷம் போய்ப் பார்த்தால் அந்தத் தெருவில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் குழி. சிறப்பு விருந்தினரை இங்கே எப்படி நிற்கவைப்பது என்று குழுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வியாபாரிகளும் ஆலைக்காரர்களும் வசூல் போட்டு, அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு, தார் போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஜெயித்தவர் தெருவுக்குத் தார் என்பது எழுதாத சட்டம்.

எங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு சந்துக்குள் திடீரென்று நல்ல ரோடு தென்பட்டால், இங்கே யாரோ ஓடியிருக்கிறார்கள் என்று சொல்வோம். ஒரு வருஷம் கூமாப்பட்டிப் பையன் ஒருவன் ஜெயித்துத் தொலைத்தான். மறுவருஷம் எல்லோரும் மலையடிவாரத்திலிருந்து வத்திராயிருப்பு வழியாக ஓட வேண்டியதாயிற்று. பாதிப் பேர் தென்னந்தோப்பு நிழலில் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறித்தான் தேரடிக்கு வந்தார்கள். இன்னொரு வருஷம் ஜெயித்தவர் வீடு தேரடிக்குப் பின்தெருவிலேயே இருந்தது. ராஜபாளையம் வரை போய்த் திரும்பி வாருங்கள் என்று அனுப்பினார்கள். இப்போது ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள். சென்னை, கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் கலர் கலராக ஷூ வந்து இறங்குகிறது. ஆனால் ஜெயித்தே தீர வேண்டும் என்று ஓடுகிற முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அது மோசமான தெருவிலிருந்து வந்த முகமாகத்தான் இருக்கும்.

பெண்களை முதலில் விடுவார்கள். பத்து நிமிஷம் கழித்து ஆண்களை விடுவார்கள். ஆணோ பெண்ணோ, தேரடியில் நாடாவை முதலில் தொட்டவர் ஜெயித்தவர். சங்கையா கண்டுபிடித்த ஏற்பாடு இது. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் முன்னால் பெண்கள் ஓட, பின்னால் ஆண்கள் துரத்த, கோழியைப் பிடிக்க ஓடுகிற மாதிரி எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. வருஷா வருஷம் தேரடி கண்ணில் படுகிற நேரத்தில் ஏதாவது ஒரு பையன் வந்து பிடித்துவிடுவான். பாண்டிசெல்விக்கு முன்னால் ஒரு பெண்ணும் ஜெயித்ததில்லை.

பாண்டிசெல்வி ஓடைத்தெருக்காரி. ராஜபாளையத்துக்கு வெளியே, ஓடையைத் தாண்டி இருக்கிற தெரு அது. மதுரை ரோட்டில் உள்ள நூற்பாலையில் அவளுக்கு ரிங் பிரேமில் சைடு பார்க்கிற வேலை. நீளமான மெஷின்களுக்கு நடுவே ஷிஃப்டு முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே நூல் அறுந்திருக்கிறதோ அங்கே ஒட்டிவிட்டு மறுபடி நடக்க வேண்டும். நின்றால் நாலு இடத்தில் அறுந்திருக்கும். இந்த வேலையில் பழகின கால் வீட்டிலும் சும்மா இருக்காது. என் கடைக்கு வந்தால் நாற்காலியைக் காட்டுவேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அங்கும் இங்கும் நடந்துகொண்டேதான் பேசுவாள். எனக்குத் தலை சுற்றும். உட்காரம்மா என்றால், “இருக்கட்டும்ணே, உக்காந்தா எனக்குத்தான் தலை சுத்தும்” என்பாள்.

அவள் புருஷன் பெலிக்ஸ் லாரி டிரைவர். பஞ்சும் நூலும் ஏற்றிக்கொண்டு மும்பை வரை போய் வந்த ஆள். ஒரு நாள் லோடுக்கு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று கொடுத்தார்கள். வண்டி இருந்து என்ன செய்ய? ஓடைத்தெருவில் வெயில் காலத்தில் குண்டும் குழியும், மழைக் காலத்தில் களிமண். வீட்டு வாசலைத் தாண்டினால் சக்கரம் புதைந்துவிடும். யாராவது பின்னால் தள்ள வேண்டும். ஊர் ஊராகப் போன மனுஷர், டீக்கடைக்குப் போவதற்கு இன்னொருவர் முகத்தைப் பார்க்கும்படி ஆகிவிட்டது. கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குள்ளேயே இருந்தார். பிள்ளைகளும் இல்லை. பேச்சுத் துணைக்கு ஒரு டி.வி. மட்டும் இருந்தது.

வேலை முடிந்து பாண்டிசெல்வி வீட்டுக்கு வந்ததும் அவரிடமிருந்து கேள்வி தொடங்கும். ரோட்டில் யார் நின்றார்கள், லாரி செட்டில் யார் வண்டி நின்றது, முக்குக் கடையில் டீ மாஸ்டர் மாறிவிட்டாரா. ஒன்று விடாமல் சொல்வாள். ஒரு நாள் அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

“போதும்ட்டி. நீ பாத்ததையே நான் எம்புட்டு நாளு கேட்டுக்கிட்டு இருக்க?”

“பொறவு என்னதான் செய்யச் சொல்லுதிய?”

“வத்ராப்புல அக்கா வீடு பஸ் ரோட்டு மேல இருக்கு. வாசல்ல உக்காந்தா போற வாற பஸ்ஸையாவது பாக்கலாம். நான் அங்க போயிருதேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“நாளு என்ன நாளு. போனா போனதுதான்.”

வத்திராயிருப்பில் இருக்கிற அவருடைய அக்கா ஞானரத்தினம் தங்கமான மனுஷி, வா என்றுதான் சொல்வார். பாண்டிசெல்விக்கு அதுதான் பயம். ஆலையை விட்டுவிட்டு அவளும் போக முடியாது, அவளை விட்டுவிட்டு அவர் போய்விடுவார். அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாள் ஷிஃப்டு முடிந்து நேரே என் கடைக்கு வந்து, “அண்ணே, ஓட்டத்துக்குப் பேரு குடுக்கணும்” என்றாள். இப்படித்தான் அவள் ஓட வந்தாள். ரோட்டுக்காக ஓட வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். புருஷன் வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்று ஓட வந்தவள் அவள் ஒருத்திதான்.

அதன் பிறகு ஆலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போவதை விட்டாள். வேலைக்குப் போகும்போதும் ஓட்டம், வரும்போதும் ஓட்டம். தூக்குவாளியைத் தன்னோடு வேலை பார்க்கிற வேலுத்தாயிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடுவாள். பஸ் ஜன்னலிலிருந்து பெண்கள் கேலி பண்ணுவார்கள். கொஞ்ச நாளில் வேலுத்தாய்க்கும் ஆசை வந்து அவளும் கூட ஓட ஆரம்பித்தாள்.

அந்த வருஷத் தை மாதம் ஓட்டம் ராஜபாளையத்துக்குத் தெற்கே ஒரு தெருவில் கிளம்ப வேண்டும். சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். எப்போதுமே தாமதம்தான், ஆனால் அந்த வருஷம் ரொம்பத் தாமதம். விடிகிற நேரத்தில் கிளம்ப வேண்டிய ஓட்டம் வெயில் ஏறின பிறகு கிளம்பியது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் பாண்டிசெல்வி முன்னால் வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் வேலுத்தாயும் ஆலைப் பெண்கள் நாலைந்து பேரும். ஆண்களைக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காணோம். இந்த வருஷம் பெண்தான் என்று போனில் செய்தி வந்து, தேரடியில் நின்றுகொண்டிருந்த எங்களுக்கெல்லாம் உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. ஆலை கேட்டுக்கு நேரே அவள் வரும்போது ஷிஃப்டுச் சங்கு ஊதியது. பத்து வருஷத்துக்கு மேலாக, அந்தச் சங்கு ஊதினால் கேட்டுக்குள் நுழைய வேண்டும் என்று பழகின கால். ரோட்டில் நேராகப் போய்க்கொண்டிருந்தவள், வேகத்தைக் குறைக்காமல், அப்படியே திரும்பி ஆலைக்குள் ஓடினாள். அவளைப் பார்த்து வேலுத்தாய் ஓடினாள். வேலுத்தாயைப் பார்த்து மற்றவர்களும். வாட்ச்மேன் வைகுண்டராஜுவாவது நிறுத்தியிருக்கலாம். அவருக்கும் அதே பழக்கம்தானே? சங்கு ஊதியதும் ஆட்கள் ஓடிவந்தால் அவர் வாயில் ஒன்றுதான் வரும்.

“ஏட்டி, கார்டு எங்க?”

கழுத்தில் தொங்குகிற அட்டையைத் தேடி நெஞ்சைத் தடவினாள். நான் அடித்துக் கொடுத்த நம்பர் துணி கையில் பட்டது. அப்போதுதான் அவளுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தால் உள்ளே வருகிற ஷிஃப்டுக்காரர்கள் கூட்டமாக கேட்டை அடைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களை இடித்துத் தள்ளி வெளியே வந்தபோது, சோழபுரத்துக் காலேஜ் பையன் பெனின் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். எவ்வளவோ துரத்தினாள். தேரடியில் அவனுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தாள்.

இரண்டாவதாக வந்தவருக்கு ஒரு கோப்பை உண்டு, தார் கிடையாது.

ஊர் சும்மா இருக்குமா? சங்குச் செல்வி என்று பேர் வைத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தால் பையன்கள் வாயைக் குவித்து ஊதுவார்கள். ஓடைத்தெருவில் கோபமே வந்துவிட்டது. தெருவுக்கு வர இருந்த ரோட்டைக் கொண்டுபோய் ஆலைக்குள் விட்டுவிட்டாள் என்றார்கள். அவர்கள் யாரும் ஓடவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும். பெலிக்ஸ் மட்டும் கேலி பண்ணவில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னாராம்.

“நானும் லாரியில போகையில அப்பிடித்தான். செக்போஸ்ட்டே இல்லாத எடத்துலயும் காலு தானா பிரேக்குக்குப் போயிரும்.”

“அப்ப இன்னும் ஒரு வருசம் பாப்பமா?” என்று கேட்டிருக்கிறாள்.

“ஒரு வருசம். அதுக்கு மேல என்னால ஏலாது செல்வி. வாற மழைய எப்பிடியும் தாங்கிக்கிடுதேன், அதுக்கு அடுத்த மழைக்கு நான் இந்த வீட்டுக்குள்ள கெடக்க மாட்டேன்.”

அந்த ஒரு வருஷமும் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். கடைக்கு வந்தால் முன்பு நாலு நடை நடப்பாள், இப்போது நாற்பது நடை நடந்தாள். கால் வேகமாகிவிட்டது, அதில் சந்தேகமில்லை. சங்கு ஊதினால் கால் எங்கே போகும் என்பதுதான் அவளுக்கே தெரியவில்லை. “திரும்ப மாட்டேன்னு நெனைச்சாத்தான்ணே திரும்பிருவேனோன்னு பயமா இருக்கு” என்றாள். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஓட்டத்தன்று காலையில் பஞ்சை எண்ணெயில் நனைத்து, உருட்டி, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் என்னவோ சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்துவிட்டுச் சரியாகப் பதில் சொன்னாள். ரிங் பிரேம் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வாயசைப்பைப் பார்த்தே கல்யாணப் பேச்சு முடிப்பார்கள், சண்டையும் போடுவார்கள்.

அந்த வருஷம் கிளம்பியது சோழபுரத்தில் பெனின் வீட்டு வாசலிலிருந்து. தூரம் அதிகம். பாண்டிசெல்விக்கு ஒரு சத்தமும் கேட்காது. தன் காலடிச் சத்தம் கூடக் கேட்காது. பின்னால் யார் வருகிறார்கள், எவ்வளவு தூரத்தில் வருகிறார்கள் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் வேகம் குறையும். அதனால் ரோட்டோரம் நிற்கிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். ராஜபாளையம் ஊருக்குள் நுழையும்போது எல்லா வாயும் அவளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. “சங்கு, சங்கு” என்று சிரித்தார்கள். பரவாயில்லை, அப்படியென்றால் பின்னால் யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டு தாண்டிய பிறகு சில கண்கள் அவளை விட்டு அவளுக்குப் பின்னால் போயின. ஒரு பூக்காரம்மாள் “வாரான்” என்றாள். அடுத்த முக்கில் இரண்டு பேர் “வாரான் வாரான்” என்றார்கள். வாய் அசைவு தெரிகிறது, தூரம் தெரியவில்லை. நூறடி தூரத்தில் வருகிறானா, முதுகை ஒட்டி வருகிறானா?

ஆலை கேட்டை எப்போது தாண்டினாள் என்றே அவளுக்குத் தெரியவில்லையாம். கேட் பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தையே பார்த்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். அதற்கு அப்புறம் கூட்டம் இல்லாத ரோடு. வாசிக்க ஒரு வாயும் இல்லை. அந்த இடத்தில்தான் மனசு ரொம்பப் பதறியது என்று பிறகு சொன்னாள். ஒரு ஆள் கண்ணில் பட மாட்டானா, அவன் வாயில் என்ன வருகிறது என்று பார்க்க மாட்டோமா என்று தவித்துக்கொண்டே, இருக்கிற மூச்சையெல்லாம் காலில் விட்டு ஓடியிருக்கிறாள்.

தேரடியில் நாடா பிடிக்கிற இடத்தில் நான் நின்றேன். முதலில் அவள் தலை தெரிந்தது. இருபதடி பின்னால் பெனின். கூட்டம் முழுக்க அவள் பேரைச் சொல்லிக் கத்தியது. அத்தனை வாயும் ஒரே நேரத்தில் அசைந்தால் அவள் எதை வாசிப்பாள்? பெனின் பக்கத்தில் வந்துவிட்டான் என்றுதான் நினைத்துக்கொண்டாள். நாடாவை நெஞ்சால் அறுத்துக்கொண்டு வந்தவள் நிற்கவில்லை. நாங்கள் கையை ஆட்டினோம். அது அவளுக்கு ஓடு ஓடு என்று பட்டது. தேரைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குள் போய்விட்டாள். குழுவில் ஓடத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. தொந்தியைத் தூக்கிக்கொண்டு நான்தான் பின்னால் ஓடினேன். ஒரு மாடு குறுக்கே வந்து நின்றதால் பிடிக்க முடிந்தது. தோளைத் தொட்டதும் அப்படி ஒரு பயத்தோடு திரும்பினாள்.

“யாரு ஜெயிச்சா?” என்றாள்.

நீதான் என்றேன். அவளைக் கையால் சுட்டிக் காட்டினேன். அவள் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, “திருப்பிச் சொல்லுங்கண்ணே” என்றாள்.

பெனின் தரப்பில் ஒரு ஆட்சேபம் வந்தது. காதில் பஞ்சு வைத்து ஓடுவது முறையா என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. “விதி காலப் பத்தித்தான் இருக்கு, காதப் பத்தி இல்ல” என்று சங்கையா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அந்த மனுஷரை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. திரும்புகிற வழியில் ஆலை கேட்டில் வேனை நிறுத்தி வைகுண்டராஜுவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அட கிறுக்கச்சி! போன வருசம் அம்புட்டு அசிங்கமாப் போச்சேன்னு, இன்னைக்கு சங்கே ஊதக் கூடாதுன்னு மேனேஜரு சொல்லிட்டாருல்லா!”

ஜெயித்தாயிற்று. ஆனால் குழுவின் வழக்கம், அடுத்த ஓட்டத்துக்கு முந்தின வாரம்தான் தார் போடுவது. இடையில் ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிடும். மழைக்கு முன்னால் ரோடு வராவிட்டால் பெலிக்ஸ் போய்விடுவார், அப்புறம் ரோடு வந்து யாருக்கு? பாண்டிசெல்வி தினமும் ஷிஃப்டு முடிந்ததும் சங்கையா கடைக்குப் போனாள். சண்டை போட மாட்டாள், கெஞ்ச மாட்டாள். கடை வாசலில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டே இருப்பாள். நூல் வாங்க வருகிற வியாபாரிகள், யார் இந்தப் பெண், என்ன வேண்டும் என்று கேட்பார்கள். ஆவணி மாதத்தில் சங்கையா எனக்குப் போன் போட்டார். “அந்தப் பிள்ளை நடக்கிறதப் பாத்து எனக்குப் பிரஷர் ஏறுது. நாளைக்கே ஜல்லி அடிக்கச் சொல்லியாச்சு” என்றார்.

தார் போட்டு, ரோலர் ஓடி, ரோடு இறுகியது. அவளுக்கு வார லீவு வந்த நாளில் காலையிலேயே பெலிக்ஸ் தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. பழக்க தோஷத்தில் பாண்டிசெல்வி பின்னால் போய் வண்டியில் கை வைத்தாள்.

“கைய எடுட்டி” என்றார்.

எடுத்தாள்.

“எங்க போறிய?”

“தெரியல. போயிட்டு வந்து சொல்லுதேன்.”

கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு போனார். முக்கு திரும்பும்போதுகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் உள்ளே போனாள், வெளியே வந்தாள். சோறு வடித்தாள். மறுபடி வாசலுக்கு வந்தாள். செல்போனில் கூப்பிட்டால் வீட்டுக்குள் சார்ஜரில் மணி அடிக்கிறது. முக்குக் கடைக்கு ஓடிப்போய்க் கேட்டாள். டீ குடித்துவிட்டு மெயின் ரோட்டில் ஏறிவிட்டார், செத்த நேரம் ஆயிற்று என்றார்கள்.

எனக்குப் போன் வந்தது. “அண்ணே, அவிய அக்கா வீட்டுக்குப் போயிட்டாவ. ரோடு போட்டுக் குடுத்ததே நான்தான். அந்த ரோட்டுலயே போயிட்டாவ” என்றாள். மூச்சு வாங்கியது. பஸ்ஸுக்குள்ளிருந்து பேசுகிறாள் என்பது பிறகுதான் புரிந்தது. மூன்று சக்கர வண்டியில் யாராவது வத்திராயிருப்புக்குப் போவார்களா, கொஞ்சம் பொறுத்துப் பார் என்று சொல்லிப் பார்த்தேன். மும்பைக்குப் போனவருக்கு வத்திராயிருப்பு ஒரு தூரமா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். ஞானரத்தினம் வீட்டில் பெலிக்ஸ் இல்லை. அவர் வரவே இல்லை என்று அக்கா சத்தியம் செய்தும் இவள் நம்பாமல் பின்கட்டு வரை போய்ப் பார்த்தாள். அக்காவும் பயந்துபோய் அழ ஆரம்பிக்க, அந்த அழுகையைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. மறுபடி பஸ். மறுபடி ஜன்னல்.

சாயங்காலம் அவள் ஓடைத்தெருவுக்குள் நுழைந்தபோது நானும் அங்கே இருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு அவரைத் தேடித்தான் போயிருந்தேன். பெலிக்ஸ் தன் வீட்டு வாசலில், பூட்டிய கதவுக்கு முன்னால், வண்டியில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் கொப்புளித்திருந்தது. சட்டையெல்லாம் வேர்வை. லாரி செட்டுக்குப் போயிருக்கிறார். பழைய ஆட்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்குத் திரும்பி வந்திருக்கிறார். சாவி பாண்டிசெல்வியின் இடுப்பில், வத்திராயிருப்பு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் கூப்பிட்டும் போகவில்லை. பசியோடு அங்கேயே இருந்திருக்கிறார்.

தெருமுனையிலிருந்து அவளைப் பார்த்ததும் அவர் கத்த ஆரம்பித்துவிட்டார். விபத்துக்கு அப்புறம் அந்தக் குரலை அந்தத் தெரு கேட்டதே இல்லை.

“ஏட்டி, எங்க போய்த் தொலைஞ்ச? மத்தியானத்துல இருந்து வாசல்ல கெடக்கேன். வெளிய போன மனுசன் வீட்டுக்கு வந்தா, கதவத் தெறந்துவிட ஒரு ஆளு இருக்க வேண்டாமா?”

பாண்டிசெல்வி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டில் போடவில்லை. அவர் வண்டிக்குப் பக்கத்தில், புது ரோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டு, வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை.